மாவு வாடை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா வீட்டில் சுகமா? நீ போனதிலிருந்து நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு லட்சணம் இது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என் பிறவிக் கோளாறுதான், பரம்பரையாக வந்தது. பருப்பு, முட்டை, பாலில் உள்ள ஒரு சத்தை என் உடம்பால் செரித்து மாற்ற முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து, மூளைக்குப் போக வேண்டிய மற்ற சத்துகளை உள்ளே விடுவதில்லையாம். ஒரே கும்பல் லிஃப்டை நிரப்பிக்கொண்டால் மற்றவர்கள் கீழேயே நிற்க வேண்டியதுதானே, அப்படி. மனதை நிதானமாக வைக்கும் ரசாயனங்கள் மூளையில் குறைந்துபோகின்றன. மறதியும் எரிச்சலும் அதனால்தான் என்கிறார் டாக்டர். சின்ன வயதிலிருந்து குடித்துவந்த, அந்தச் சத்து இல்லாத மருந்து மாவை மறுபடி கரைத்துக் குடிக்கிறேன்.

வந்துவிடேன்.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்.

“மாவு இனிமே வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார்” என்று கல்யாணமான புதிதில் சொன்னீர்களே, பொய்யா? அதை நம்பித்தானே தினமும் முட்டை பொரித்துப் போட்டேன். உப்பு அதிகம் என்று தட்டைச் சுவரில் வீசினீர்கள். அதையும் ரத்தத்தின் தலையில் கட்டிவிடலாமா? நான் பயந்துபோனேன். யாரைக் கட்டிக்கொண்டேன் என்றே புரியவில்லை.

மாவை ஏன் நிறுத்தினீர்கள்? அது தெரியாமல் வரமாட்டேன்.

வாயாடி

மார்ச் 17

அன்புள்ள வாயாடிக்கு,

பொய்தான். மாவு குடித்துவிட்டுப் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். “என்னங்க இந்த வாடை” என்று ஒருநாள் கேட்டாய், சிரித்துக்கொண்டேதான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டேன். மடத்தனம்.

தட்டை வீசியது என் கைதான். ரத்தம் என்னவாக இருந்தாலும் பயந்தது நீ. மன்னித்துவிடு.

இப்போது ரத்தத்தில் அந்தச் சத்தின் அளவு குறைந்திருக்கிறது. நேற்று எதிர்வீட்டுக்காரர் நம் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினார். சாவி வாங்கி நானே நகர்த்தி வைத்தேன், சண்டை போடவில்லை.

இனி உன்னை வரச்சொல்லிக் கெஞ்சமாட்டேன். உன் இஷ்டம்.

லிஃப்ட்காரன்

மார்ச் 24

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மாவில் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி, இங்கே கலக்கிக் குடித்தேன். சகிக்கவில்லை. அக்கா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். அவள் முகம் திருப்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி நான் ஏதாவது சொல்லி மனசு வலித்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். தட்டு இன்னொரு முறை பறந்தால் திரும்பி வரமாட்டேன், அதையும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருகிறேன். கூட்டிப்போக வாருங்கள். மாவைக் குடித்துவிட்டே வாருங்கள். வாய் கொப்பளிக்க வேண்டாம்.

உங்கள் வாயாடி