இரண்டு கதவுச் சிவப்பும் செவ்வாய், வியாழன், சனியும்

மே 6, செவ்வாய்

விடியும் முன்பே புழுக்கம். 6.20க்கு புஷ்பாவை டயாலிசிஸ் நிலையத்தில் இறக்கியாயிற்று. 11.30க்குப் போய் ஏற்ற வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. மூன்று வருடமாக இதே. எதிர்வீட்டுக்காரி, என் வயது (54; அவள் 53 என்கிறாள்). புருஷன் இல்லை, மகன் சிங்கப்பூரில். ரத்தம் கழுவப் போக என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. ஊர்க்கதை பேச அவளை விட்டால் எனக்கும் ஆள் இல்லை.

கொழுந்தனார் போன் செய்தார். வெள்ளத்துக்குப் பிறகு இரவல் கொடுத்த அவருடைய காரை மாதக் கடைசியில் திருப்பித் தர வேண்டுமாம். நாசூக்காகத்தான் கேட்டார். "அண்ணி, காடி நல்லா ஓடுதா?" என்று மூன்று முறை.

ஆக, கார் வாங்கியாக வேண்டும்.

எங்கள் ஏழு சீட்டு வண்டி வெள்ளத்தில் போனது. சிகாமட்டில் ஆறு ஏறினால் எங்கள் லோரோங்கின், அதாவது சந்தின், கீழ்ப்பக்கம்தான் முதலில் முழுகும். வண்டி அங்கே நின்றது. நான் தையல் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கார் சாவியும் பத்திரமாக இடுப்பில் இருந்தது. கார்தான் இல்லை.

அந்த வண்டி பதினோரு வருடத்தில் சுமந்தவை:
- கல்யாணப் பெண்கள் 4 (ஒருத்தி திரும்பி வந்தாள், அதுவும் என் வண்டியில்தான்)
- கோயில் சாம்பார்ப் பானை, கணக்கில்லை. வாசம் கடைசி வரை போகவில்லை
- பக்கத்து வீட்டுத் தனத்தின் கேஸ் சிலிண்டர், தனத்தின் மாமியார், மாமியாரின் கட்டில்
- ஒரு ஆடு

ஏழு சீட்டு வைத்திருந்தால் ஆறு சீட்டு ஊருக்கு.

மதியம் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டே போனில் பழைய கார் விளம்பரம் பார்த்தேன். பத்து பாகாட் ஊரில் ஒன்று. சிவப்பு. இரண்டு கதவு. இரண்டே சீட்டு. தரையோடு தரையாக, பாயப் போகிற பூனை மாதிரி. கை தப்பி வெட்டிவிட்டேன். தலைமையாசிரியை அம்மாவின் ரவிக்கை. முக்கால் கை கேட்டார். அரைக் கைதான் கிடைக்கும். இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்ல வேண்டும்.

மே 7, புதன்

மழை இல்லை. இடி மட்டும்.

இவரிடம் சொன்னேன். செம்பனை ஆலையில் முப்பது வருடம் மெஷின் சத்தத்தில் இருந்தவர். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம்தான் பேசுவார். போனில் சிவப்பைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நீ ஏறி ஒக்காந்தா இது எந்திரிக்குமா?" முதல் வாக்கியம்.

இரண்டாவது வாக்கியம் இரவுச் சாப்பாட்டின்போது. ஆலையில் ஒருவர் தன் காரை விற்கிறாராம். ஐந்து சீட்டு, நான்கு கதவு, பெட்ரோல் குடிக்காது, சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். "நல்ல காடி. சொன்ன பேச்சு கேக்கும்."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நிறம் சாம்பல். சாம்பல் என்றால்கூட ஒரு நிறம். இது நிறமே யோசனையில் வராத நிறம். அந்தக் காரை ஓட்டுகிறவளை எல்லாரும் கை காட்டி நிறுத்துவார்கள். "அக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும்." சிவப்பில் யார் ஏறுவார்? சாம்பார்ப் பானையை எங்கே வைப்பார்கள், என் மடியிலா?

முப்பது வருடமாக நான் ஓட்டுநர். ஒரு தடவையாவது கார் வைத்திருப்பவளாக இருந்து பார்க்க வேண்டும்.

மே 8, வியாழன்

காலையில் காரில் போகும்போது பு.விடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு சீட்டு என்றதும் முதலில் கேட்டது: "அப்போ என் சீட்டு இருக்கு." இருக்கிறது என்றேன். பிறகு படத்தைக் காட்டினேன். அவள் கால் வீக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். ரொம்ப இறக்கமா இருக்கே என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அவளாகவே, ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

தனம் அதற்குள் என் போனில் இருந்து சிவப்பின் நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டாள். நாலு நம்பர் லாட்டரிக்கு. நான் வாங்காத காருக்கு அவளுக்கு அதிர்ஷ்டம்.

மே 11, ஞாயிறு

வெயில். பத்து பாகாட் போய் வந்தோம், நானும் பு.வும். இவர் வரவில்லை, கோழிக்கூண்டுக்குக் கம்பி அடிக்க வேண்டுமாம். எங்களிடம் கோழி இல்லை.

கார் விற்பவர் நல்ல மாதிரி, சிரித்த முகம், ஆண்டி ஆண்டி என்று உருகினார். முந்தைய சொந்தக்காரர் ஒரு டீச்சராம். வாரத்துக்கு ஒரு நாள் மார்க்கெட்டுக்கு மட்டும் ஓட்டினாராம். ஜொகூரில் விற்கிற பழைய கார் அத்தனையும் ஒரே டீச்சருடையது. அந்த அம்மாள் வாரத்தில் எத்தனை முறை மார்க்கெட் போவார்?

கதவைத் திறந்ததும் பாண்டான் இலை வாசம். சீட்டுக்கு அடியில் கட்டுக் கட்டாக. போதாது என்று ஒரு பையில் காப்பித்தூள். அதற்கும் அடியில் இன்னொரு வாசம். ஜன்னலை இறக்கிவிட்டேன்.

அதைப் பற்றி மேலே எழுதுவதாக இல்லை.

என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை மட்டும் அனுப்பினார். கிளட்ச் கொஞ்சம் முறைத்தது, இரண்டாவது கியரில் சமாதானமானது. மூன்றாவதில் அது போட்ட சத்தம் என் முதுகுத்தண்டு வழியாக ஏறியது. ஊருக்கு வெளியே நேரான ரோடு. நான் தொண்ணூறில் நின்றேன். பு. டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "அமுக்குடி" என்றாள். அமுக்கினேன். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஒரு மோட்டார்சைக்கிள் பையன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கிழவிகளைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை வரைந்து வைக்க வேண்டும்.

திரும்பி வந்து நிறுத்தினோம். பு. சீட் பெல்ட்டைக் கழற்றினாள். கழற்றியவள் விட்டுவிடாமல் அதை இழுத்தாள். கடைசி வரைக்கும். வெளியே வந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விட்டாள். அது சுருட்டிக்கொண்டு உள்ளே போனது.

அப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையைத்தான் பிடித்து இழுக்கலாம். மற்றது ஊசி ஏற்றும் கை. நான் ஒரு கையை, கார்க்காரர் இடுப்பை. மூன்றாவது முயற்சியில் வெளியே வந்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் தூங்குவது போல் இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை முன்பணம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

தூறல். நிலையத்து வாசலில் இறங்கும்போது பு. சொன்னாள்: வரும் வியாழனில் இருந்து நிலையத்து வேனிலேயே வந்துவிடுவாளாம். நர்ஸிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டாளாம். "நீ பாட்டுக்கு நிம்மதியா ஓட்டு. உனக்கு எதுக்கு காலங்காத்தால."

நல்லதாயிற்று என்றேன். நல்லதாயிற்று என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நல்லதாயிற்று.

மதியம் இவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் இல்லை. இன்றைய இரண்டு வாக்கியத்தில் ஒன்று இப்படி வீண்.

மே 15, வியாழன்

வேன் 5.15க்கு வந்தது. ஜன்னல் திரை இடுக்கில் பார்த்தேன். (ஒளிந்து பார்க்கவில்லை. திரை அங்கே இருந்தது.) ஊரெல்லாம் சுற்றி ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம்.

எனக்கு விடிகாலை முழுக்கச் சும்மா. விடுதலை. மூன்று ரவிக்கை முடித்தேன். தலைமையாசிரியை அம்மாவுக்குப் புதுத் துணி வாங்கி முக்கால் கையும் வைத்தேன். பேச ஆள் இல்லாமல் தனத்திடம் போனேன். அவள் தன் மாமியாரின் மலச்சிக்கலைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னாள். பு.வாக இருந்தால் இதையே இரண்டு நிமிடத்தில், நடித்தும் காட்டியிருப்பாள்.

வேன் திரும்பி வந்தது 1.40க்கு. எங்கள் தாமான் குடியிருப்புதான் கடைசி நிறுத்தம். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். குடித்தாள். வேன் எப்படி என்றேன். ஏர்கான் நல்லா இருக்கு என்றாள்.

காரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஊமையாக உட்கார்ந்திருந்தது அந்த வீட்டுச் சுவருக்கே புதுசு.

மே 16, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. வாய்க்கால் நிரம்புகிறதா என்று எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தோம். இந்த லோரோங்கில் மழையை யாரும் உட்கார்ந்து ரசிப்பதில்லை.

மழை விட்டதும் பு. குடை பிடித்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாளைக்குப் போறியா?"

"போறேன்."

"போகாத."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அந்தக் காடி முழுகினது, விஜயா. பெல்ட்டை முழுசா இழுத்தேன். கடைசி ஒரு முழம் மண்ணு. காஞ்ச சேறு. ஆத்து மண்ணுதான், எனக்குத் தெரியாதா?"

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? என் காலுக்கு ஒத்துவராத காடி, அதான் கெடுக்கிறாள்னு நீ நெனைப்ப. நெனைக்க மாட்டேன்னு சொல்லாத. அதுக்குத்தான் முதல்ல வேனைப் பேசி முடிச்சேன். இப்போ எனக்கு உன் காடி வேணாம். அதனால சொல்லலாம்."

மூன்று வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள். இதைச் சொல்வதற்காக விடிகாலை 5.15 வேனில் ஏறியிருக்கிறாள்.

இப்போது எழுதத்தான் வேண்டும். எனக்குத் தெரியும். கதவைத் திறந்த உடனேயே தெரியும். பாண்டான், காப்பித்தூள், அதற்கு அடியில் அந்த வாசம்: எங்கள் சொந்த வண்டியைப் பாய் போட்டு, விசிறி வைத்து, மூன்று வாரம் காயவைத்தும் போகாத அதே வாசம். சிகாமட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெரிந்துகொண்டே ஜன்னலை இறக்கினேன். சிவப்பு அவ்வளவு சிவப்பாக இருந்தது.

பு.விடம் சொன்னேன், எனக்கும் தெரியும் என்று. அன்றைக்கே மோந்துவிட்டேன் என்று.

என்னையே பார்த்தாள். "அலமாக். அப்புறம் எதுக்குடி நான் அஞ்சு நாளா தூக்கம் கெட்டேன்?"

உட்கார்ந்தாள். காப்பி போட்டேன். அவளுக்கு அளந்து அரைக் கப்தான், தண்ணீர்க் கட்டுப்பாடு. இவர் கூடத்தில் இருந்து எட்டிப் பார்த்தார், நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று. சொல்லவில்லை. கடைசியில் பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனில் முன் சீட்டு எப்போதும் ஒரு தாத்தாவுக்குத்தான் என்றாள். அவர் வழி முழுக்கக் குறட்டை விடுவாராம். ஒரு ஊர்க்கதை கிடையாதாம்.

மே 18, ஞாயிறு

பத்து பாகாட்டுக்கு நேற்றே போன் செய்து வேண்டாம் என்றேன். ஏன் ஆண்டி என்றார். சிகாமட்காரி என்றேன். மேலே கேட்கவில்லை.

இன்று சாம்பலைப் பார்த்தோம். ஓட்டினேன். குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் குறை. பு. ஏறி இறங்கிப் பார்த்தாள், யார் கையும் பிடிக்காமல். பேசி முடித்து, வண்டியை அப்போதே ஓட்டியும் வந்தாயிற்று. இவர் முகத்தில் ஆலைக்கு போனஸ் அறிவித்த மாதிரி வெளிச்சம்.

ஆனால் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் பின் சீட்டை மடக்கிப் படுக்க வைத்துவிட்டேன். அதன் மேல் துணி மூட்டைகள், இஸ்திரி மேஜை, என் தையல் கடையில் நிற்கிற தலையில்லாத பொம்மை. பொம்மைக்குக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். தனம் வந்தாள், வரும் சனிக்கிழமை மாமியாரைக் கோயிலுக்கு என்று ஆரம்பித்தாள். பின்னால் கைகாட்டினேன். கடைச் சாமான், என்ன செய்வது, இரண்டு சீட்டுதான் மிச்சம். தனம் பொம்மையை முறைத்தாள்.

இவர் சுற்றி வந்து பார்த்தார். "அப்போ நானு?"

பொம்மைக்குப் பக்கத்தில் என்றேன்.

மே 20, செவ்வாய்

பனிமூட்டம். சாம்பலில் முதல் பயணம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பு. ஐந்து ஐம்பதுக்கே வாசலில் நின்றாள். வேனுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். முன் சீட்டுத் தாத்தாவுக்கு வருத்தமோ இல்லையோ, தனக்கு இல்லையாம்.

உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள். கடைசி வரைக்கும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"சுத்தம்."

ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் நேரான ரோடு. முன்னால் யாரும் இல்லை. தலைமையாசிரியை அம்மா புருஷனுக்குத் தெரியாமல் தலைக்குச் சாயம் அடித்த கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பு. என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அமுக்குடி."

சாம்பல் முதலில் யோசித்தது. பிறகு ஓடியது. பின்னால் பொம்மை கட்டவிழ்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையில்லாமல் எட்டிப் பார்த்தது.

6.20க்குச் சேர வேண்டிய இடத்துக்கு 6.11க்குச் சேர்ந்தோம். நர்ஸ் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, புஷ்பாவுக்கு இன்றைக்கு ஏன் பிரஷர் இப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டாள். நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம்.