லோவ்ரோ வீட்டுத் தேன்சட்டம்

போட்லிபா
ஜூன் 11, 1996

அன்பு மகன் காஷ்பருக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே எங்கள் இருவருக்கும் ஒரு குறையுமில்லை, மியூனிக்கில் உனக்கு அந்த இருமல் விட்டதா என்றுதான் எந்நேரமும் நினைப்பு. போனில் பேசலாமென்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

மார்ச்சில் பக்கத்து வீட்டு லோவ்ரோ இறந்தாரே, அன்றைக்குச் செய்த தப்புதான் என்னைப் போட்டு வதைக்கிறது. தேனீக்காரர் போய்விட்டால் பெட்டிகளைத் தட்டித் தேனீக்களுக்குச் சேதி சொல்ல வேண்டுமில்லையா, அவர் மனைவி தோன்ச்கா எழுந்திருக்க முடியாமல் என்னை அனுப்பினாள். தட்டினேன். இருந்த மூன்று பெட்டியிலும் சத்தமே இல்லை, உள்ளே எல்லாம் செத்துக் கிடந்தன. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அதையும் எப்படிச் சொல்வது? “எல்லாம் கேட்டுக்கிச்சு தோன்ச்கா, நல்லாவே சத்தம் குடுத்துச்சு” என்று புளுகிவிட்டேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப அந்த மூணையும் நீயே எடுத்துட்டுப் போடி, அவரு உசிரே அதுலதான் இருந்துச்சு” என்று அழுதாள். சரியென்றேன். காலிப் பெட்டி என்று அப்பாவிடம் சொல்லிக் கொண்டுவந்து வைத்தேன். மே மாதம், தேனை வீணாக்குவானேன் என்று அதிலிருந்த இரண்டு தேனடைச் சட்டங்களை நம் ராணித் தேனீ வளர்க்கும் பெட்டியில் சொருகினேன். செத்த கூட்டின் அடையைத் தொடாதே என்று உன்னைத் திட்டியவளே நான்தான்.

போன சனிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்ததும் வாடை குப்பென்று அடித்தது. அப்பா தீக்குச்சியைப் புழு அறைக்குள் விட்டு இழுத்தார், பசை நூலாக நீண்டது. அதேதான், செத்த கூட்டின் அடை வழியே பரவும் புழு அழுகல் நோய். மறுநாள் ஊரே பூசைக்குப் போயிருந்தபோது பின்பக்கம் குழி வெட்டி அதை எரித்துவிட்டார். “வாயத் திறந்த, ஊரு மொத்தப் பெட்டிக்கும் சீல் வெச்சிருவாங்க. என் வேலதான், நான்தான் எங்கயோ கோட்ட விட்டிருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, நான் செய்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் தோன்ச்காவிடமும் சொல்ல வேண்டும், அவள் புருஷன் பெட்டியிலிருந்துதான் வந்தது என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் காஷ்பர்.

வியாழக்கிழமை லுப்லியானாவிலிருந்து தேனீப் பரிசோதகர் வருகிறார். மிச்சப் பெட்டிகள் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கின்றன, நோயில்லை என்று சான்று கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பெட்டியில் வளர்ந்த எழுபது ராணிகள் இப்போது சின்னக் கூண்டுகளில் தபாலுக்குக் காத்திருக்கின்றன. சான்று கைக்கு வந்தால் நோயும் சேர்ந்து எழுபது வீட்டுக்குப் போகும்.

உனக்கு நான் பத்து நாள் முன்னால் ஆசையாக அனுப்பினேனே மூன்று ராணி, அவையும் அங்கே வளர்ந்தவைதான். இன்னும் உன் தேனீப் பெட்டியில் விடவில்லையென்றால் கூண்டோடு எரித்துவிடு. விட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அங்குள்ள பரிசோதகரிடம் போய்ச் சொல். எங்கிருந்து வந்தது என்று கேட்பார். என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. அம்மா அனுப்பினாள் என்று சொல்.

உனக்கும் உன் கூடுகளுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். இருமல் மருந்தை மறக்காமல் குடி.

உன் அம்மா
மார்யெதா