பூசையில் வாசித்த விண்ணப்பம்

தோ பாயோ, சிங்கப்பூர்
16-9-1979

மாதா துணை

அருள்ஜோதி அப்பாவுக்கு அல்போன்சம்மாள் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். புருணையில் மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வழுக்கும், பார்த்து நடங்கள். இருமலுக்குக் கொடுத்தனுப்பிய தைலம் இன்னும் பிரிக்காமல் பெட்டியில்தான் கிடக்கும். எனக்கு உங்களைத் தெரியாதா?

உங்கள் அண்ணன் சவரிராஜ் எழுதியதைப் படித்துவிட்டு, பெயர் கெட்டது போதும், பிள்ளையின் படிப்பை நிறுத்து என்று எழுதிவிட்டீர்கள். அவர் சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். கோபப்படாமல் உட்கார்ந்து படியுங்கள்.

பல்கலைக்கழகத்தில், ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஒரு விரிவுரையாளர். மற்றவர்கள் சோதனை செய்ய, நம் பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிறுத்திக் குடுவை கழுவ விடுவாராம். கறுத்த கையில் கறை தெரியாது என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பாராம். இந்தியப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்றும் கேட்பாராம். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறாள். போன மாதம், மார்க் ஏற வேண்டுமானால் சாயங்காலம் என் அறைக்கு வா என்று சொல்லித் தோளில் கை வைத்திருக்கிறார். இவள் கையைத் தட்டிவிட்டு நேரே துறைத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவரோ, ஒருத்தி சொன்னால் எப்படி நம்புவது, நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய், இந்த வருஷம் பாஸாக வேண்டாமா என்று கேட்டு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

நமக்கு அங்கே யாரைத் தெரியும்? மாதாவைத்தான் தெரியும். நவநாள் ஞாயிற்றுக்கு, பூசையில் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கோயிலில் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தேன். குடும்ப நலனுக்காக என்று நாலு வார்த்தையில் முடிப்பதுதான் வழக்கம். நான் சாமியார் ஒருவர்தான் பார்ப்பார் என்று நினைத்து, பிள்ளை பெயர், ஆய்வுக்கூடம், வாத்தியார் தரும் தொல்லை எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டேன். உபதேசியார் லாசரஸைத் தெரியுமே, எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தை விடமாட்டார். மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாட்டுக் குழுவில் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உங்கள் அண்ணன் பூசை முடியுமுன்னே எழுந்து போய்விட்டார். உங்களுக்கு எழுதத்தான் அந்த அவசரம் போலிருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளை என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "மாதாவுக்குக் காது கேக்காதாம்மா, மைக் வேணுமா?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தேன்.

மறுநாள் தேக்கா மார்க்கெட்டில் நான் மீன் வாங்குவதற்குள் கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாம் மசாலா வாங்கும் ஜமால் முகம்மது பாய், மிளகாயை நிறுத்துக்கொண்டே, "அக்கா, அது எந்த வாத்தியார்?" என்று மெதுவாகக் கேட்டார். பெயரைச் சொன்னேன். தராசை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மகள் நஃபீசாவும் அவள் தாயும் நம் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே ரசாயனம் படித்துக்கொண்டிருந்து, படிப்பு ஏறவில்லை என்று சொல்லி அந்தப் பெண் பாதியில் நின்றாளே, அதுவும் இதே ஆளால்தான். அன்று பாய் போய்க் கேட்கும்வரை பெற்றவர்களிடம்கூட அவள் வாய் திறந்ததில்லை. பிள்ளைகள் இருவரும் அறைக்குள் வெகுநேரம் பேசினார்கள். தாய்மார் நாங்கள் கூடத்தில் காத்திருந்தோம். வெளியே வந்த நஃபீசா, "நானும் எழுதிக் கொடுக்கிறேன் ஆன்ட்டி. இவ தனியா போக வேணாம் லா. நான் அப்பவே சொல்லியிருந்தா இவளுக்கு இது வந்திருக்காது" என்றாள். அந்த நினைப்பை விடு, குற்றம் உன்னுடையது இல்லை என்று அவளை அதட்டினேன். அதட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருவரும் சேர்ந்து, துறைத் தலைவருக்கும் மேலே இருக்கும் டீனைப் போய்ப் பார்த்தார்கள். இந்த முறை உட்காரச் சொல்லிக் கேட்டாராம். அருள்ஜோதியை வேறு ஆய்வுக்கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. வருகிற 26ஆம் தேதி விசாரணை. அன்றைக்குச் சிரித்த சீனப் பிள்ளை ஒருத்தி, தான் கண்டதை வந்து சொல்கிறேன் என்றிருக்கிறாள். நம் பிள்ளை இப்போது இரண்டு தரம் சோறு போட்டுக்கொள்கிறாள்.

பெயர் கெட்டது என்று எழுதினீர்களே, அது எனக்கு வலித்தது. கெட வேண்டியது அந்த ஆளுடைய பெயர். உங்கள் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் நிறுத்திவிடுவாள். நான் ஆயிரம் சொன்னாலும் கேட்காதவள், நீங்கள் ஒன்று சொன்னால் கேட்பாள். அதுதான் என் பயம். தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். "அப்பா ஒண்ணும் எழுதலையா?" என்கிறாள். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறவர் நீங்கள். 26 காலையில் நான் போட்டு அனுப்ப வேண்டும். அப்பா போடச் சொன்னார் என்று சொல்லிப் போடட்டுமா? தந்தியில் ஒரு வார்த்தை போதும். தந்தி வராவிட்டாலும் அவளைக் கூட்டிக்கொண்டு நான் போவேன். ஆனால் அன்று காலையில் அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால் ஆகாது.

ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அல்போன்சம்மாள்