பதினெட்டுப் பெண்கள், ஒரே கைபேசி எண், பெயரில்லாத ஒரு முடிவு

அனுப்புநர்:
ஆ. ரத்தினபாய் (வயது 46),
க/பெ ஆபேல் (காலஞ்சென்றவர்),
மூன்றாம் தளம், மறுகுடியமர்வுக் குடியிருப்பு,
பெரும்பாக்கம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி வைரஸுக்கான பரிசோதனை – எங்களில் ஒருவருக்குக் கிருமி இருப்பதாக எட்டு வாரத்துக்கு முன் வந்த முடிவு யாருடையது என்று தெரியாமல் தவிப்பது – பதினெட்டுப் பேருக்கும் உடனே மறுபரிசோதனை கோருவது – தொடர்பாக.

பார்வை: என் கைபேசிக்கு 15.12.2025, 16.12.2025 ஆகிய தேதிகளில் வந்த குறுஞ்செய்திகள் (நகல் இணைத்துள்ளேன்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் லிஃப்டுக்காக நான்கு மனு, தண்ணீருக்காக ஆறு மனு, தெருவிளக்குக்காக ஒன்று எழுதியிருக்கிறேன். எங்கள் பிளாக்கில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். அதையெல்லாம் கோபத்தில் எழுதினேன், கை கடகடவென்று ஓடியது. இந்த மனுவுக்கு ஏற்கெனவே இரண்டு தாள் வீணாகிவிட்டது. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்தருள வேண்டும். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. சென்ற 22.11.2025 சனிக்கிழமை, எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தார் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு முகாம் நடத்தினார்கள். வந்திருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இந்த வைரஸ் ரொம்பப் பேருக்கு வந்துட்டுத் தானாவே போயிடும்மா. போகாம பல வருஷம் உள்ளேயே தங்கிட்டாதான் கேன்சர்ல கொண்டுபோய் விடும். பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தமில்ல. அடுத்த டெஸ்ட் பண்ணி, புண் மாதிரி ஏதாவது இருந்தா அப்பவே சரிபண்ணிடலாம்." பெண்கள் கூச்சப்பட்டு வரவில்லை. நான்தான் கதவு கதவாகத் தட்டி, கெஞ்சி, ரெண்டு பேரைத் திட்டியும் பதினேழு பேரைக் கூட்டி வந்தேன். என்னோடு பதினெட்டு.

2. விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்டார்கள். பதினெட்டுப் பேரும் என் எண்ணையே கொடுத்தார்கள். எங்கள் பிளாக்கில் இது வழக்கம். சிலேட்டர்புரம், கூவம் கரை என்று பல இடத்திலிருந்து எங்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கிய நாள் முதல், ரேஷன், கேஸ், பள்ளிக்கூடம் எதற்கும் என் எண்தான். மற்றவர்கள் எண் மாதத்துக்கு ஒருமுறை மாறும், அல்லது கைபேசி புருஷன் சட்டைப்பையில் இருக்கும். இந்தப் பரிசோதனை விஷயம் புருஷன் கண்ணில் படக்கூடாது என்றும் பலர் நினைத்தார்கள். முகாமில் விவரம் எழுதிக்கொண்ட பெண் ஒரு தடவைகூட "எல்லாருக்கும் ஒரே நம்பரா?" என்று கேட்கவில்லை.

3. டிசம்பர் 15, 16 தேதிகளில் ஒவ்வொன்றாகப் பதினெட்டுக் குறுஞ்செய்திகள் வந்தன. எதிலும் பெயர் இல்லை, மாதிரி எண்ணும் இல்லை. "அன்புள்ள பயனாளி" என்று மட்டும் இருந்தது. பதினேழில் கிருமி இல்லை என்றிருந்தது. பதினொன்றாவதாக வந்ததில் கிருமி உள்ளது, உடனே மையத்தை அணுகவும் என்றிருந்தது.

4. இங்கேதான் நான் தப்பு செய்தேன் ஐயா. தண்ணி லாரி வரும்போது எங்கள் பிளாக்கில் குடம் வைத்த வரிசைப்படிதான் தண்ணீர். அந்த வரிசையைக் காப்பாற்றுகிறவள் நான். முகாமிலும் யார் பின்னால் யார் நின்றார்கள் என்று எனக்கு மனப்பாடம். நின்ற வரிசைப்படிதானே முடிவும் வரும் என்று நினைத்துவிட்டேன். முதல் செய்தி வந்ததும் முதலாவதாக நின்ற அங்காளம்மாளிடம் ஓடி, "உனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். இப்படியே ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், ஒருத்தி கேசரி செய்து கொடுத்தாள். பதினொன்றாவதாக நின்றவள் தேவதர்ஷினி, வயது 33. அவளுக்கும் நானே சொன்னேன்.

5. அவள் வீட்டில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் கணவர் குமரேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்கு, "எவன்கிட்டேர்ந்து வந்துச்சு இது?" என்று மாடிப்படி அதிரக் கத்தினார். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்கள். எட்டு வயது மகளை அவள் பக்கத்தில் படுக்க விடவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பீர்க்கன்கரணையில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே மையத்துக்கு வரக் கூசி, அங்கிருந்தே தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மறுபடி பரிசோதனை செய்தாள். 27.1.2026 அன்று முடிவு வந்தது. கிருமி இல்லை.

அந்தத் தாளை அவள் என் முன்னால் நீட்டினாள், இரண்டு தடவை படித்தேன். அவளுக்கு இல்லை என்றால் மற்ற பதினேழு பேரில் யாருக்கோ இருக்கிறது. "உனக்கு ஒண்ணுமில்ல" என்று என் வாயாலேயே யாருக்குச் சொன்னேனோ, அவளுக்கு இருக்கிறது. எனக்கே இருந்தாலும் இருக்கலாம். இந்த இடைவெளியில் தேவதர்ஷினிக்குக் கிருமி தானாகப் போயிருக்கவும் கூடும் என்று அந்தத் தாம்பரம் மருத்துவமனை டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. கூடும் என்ற ஒரு சொல்லை நம்பிப் பதினேழு பேரைச் சும்மா இருக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

6. மறுநாளே குறுஞ்செய்தியில் சொன்ன பரிசோதனை மையத்துக்குப் போனேன். அங்கே கணினியில் என் எண்ணைத் தட்டினால் என் பெயர் ஒன்றுதான் வருகிறது. ஒரே எண் என்பதால் எல்லாரையும் ஒரே ஆளாக அது எடுத்துக்கொண்டதாம். மாதிரி எடுத்த குழாயில் ஒட்டிய எண்ணும் பெயரும் எழுதிய பதிவேடு ஒன்று உண்டு. அதைத் தொண்டு நிறுவனத்தார் தங்கள் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் பேசினால், "பாசிட்டிவ் வந்தவங்க நேர்ல அடையாள அட்டையோட வரட்டும்மா, மத்தவங்களுக்குச் சொல்ல ரூல்ஸ் இல்ல" என்கிறார்கள். யாருக்கு என்று தெரிந்தால் நாங்கள் ஏன் அவர்களைக் கேட்கப் போகிறோம்? சரி, பதினெட்டுப் பேரும் அடையாள அட்டையோடு வருகிறோம் என்றேன். கூட்டம் போடக்கூடாது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். நல்ல விதிதான். அந்த விதி யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவள் இன்றைக்கும் ஒன்றும் தெரியாமல் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

7. இந்த அம்மாள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். என் கணவர் ஆபேல் பெயின்டர். குடிக்க மாட்டார், பீடி கிடையாது. ஒரு முறை இரத்த தானம் செய்தபோது, மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. கண் மஞ்சளாக இல்லையே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை பைபிளுக்குள் மடித்து வைத்தோம். ஒன்பது வருஷம் அந்தக் கிருமி சத்தமே போடவில்லை. பிறகு வயிறு வீங்கியது, ஈரலில் புற்றுநோய் என்றார்கள், நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. குடித்துக் குடித்துச் செத்தான் என்று சாவு வீட்டிலேயே சிலர் பேசினார்கள். கிருமியால் புற்றுநோய் வரும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த சேதி இல்லை ஐயா.

8. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அந்தப் பதிவேட்டைத் தாங்கள் வரவழைத்து எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பதினெட்டுப் பேருக்கும் எங்கள் பிளாக்கிலேயே ஒரு நாள் மறுபரிசோதனை வைக்க வேண்டும். முடிவை ஒவ்வொருத்தியிடமும் தனியாக, நேரில் சொல்ல வேண்டும். என் எண்ணுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். இந்தக் கிருமி கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் சாதாரணமாக இருப்பது, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு மருத்துவர் ஆண்களையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். குமரேசன் முதல் வரிசையில் உட்காருவதற்கு நான் பொறுப்பு.

பதினெட்டுப் பேரின் பெயர், வயது, கதவு எண் கொண்ட பட்டியலை இணைத்துள்ளேன். சொன்ன நல்ல சேதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுபடியும் கதவு கதவாகப் போனேன். என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, "இன்னாக்கா, நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்ன, இப்போ வந்து வயித்துல புளிய கரைக்கிற?" என்றாள்.

9. கையெழுத்துப் போடாத மூன்றாமவள் புஷ்பம், வயது 44, பட்டியலில் ஐந்தாவது பெயர். அவளைக் கேட்காமல் இதை எழுதுகிறேன். தெரிந்தால் என்னைக் கிழித்துவிடுவாள், கிழிக்கட்டும். இரண்டு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் படுகிறது. குழாயடியில் அவளே சொன்னாள். டாக்டரிடம் போ என்றேன். "நிக்கிற வயசுக்கா, அப்படித்தான் கீது. எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துட்ச்சே" என்று சிரிக்கிறாள். நான் சொன்னது தப்பு, யார் முடிவு யாருடையது என்று தெரியவில்லை என்று காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். தேவதர்ஷினியைக் குமரேசனோடு சேர்த்துவைக்கத்தான் நான் இப்படிக் கதை கட்டுகிறேன் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பினாள், இன்றைக்குச் சொல்லும் நிஜத்தை நம்ப மாட்டேன் என்கிறாள்.

பயமாக இருக்கிறது ஐயா. மற்றதெல்லாம் தங்கள் அலுவலக நடைமுறைப்படி ஆகட்டும். இதற்கு மட்டும் நடைமுறை பார்க்காதீர்கள். புஷ்பம் என்று பெயர் எழுதி, தங்கள் முத்திரை குத்திய ஒரு தாளோடு செவிலியர் ஒருவரை அவள் வீட்டுக்கு அனுப்புங்கள். வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. காலை பதினொரு மணிக்குள் வந்தால் வீட்டில் இருப்பாள்.

இடம்: பெரும்பாக்கம்
தேதி: 09.02.2026, திங்கட்கிழமை

வியாழக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்,
ஆ. ரத்தினபாய்