வால் பகுதிக்கு அடித்த ரிவெட்டுகள்

என்னை விட்டுப் போனவனுக்கு,

விமானத்தளத்துக் கேன்டீன்காரியோடு குடித்தனம் நடத்துகிறாயாமே! உன் அம்மாவே சொல்லி அழுதாள். நான் இப்போது மான்செஸ்டரில் குண்டுவீச்சு விமானம் கட்டுகிறேன். நீ துப்பாக்கியோடு உட்காரும் அதே வால் பகுதிக்கு, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பது நான்தான்.

நான் வெளியிலிருந்து அடிக்கும்போது ஆணிக்கு முட்டாக உள்ளே இரும்புக்கட்டை பிடிக்கும் எட்னா நேற்றுச் சொன்னாள்: "அடியே, அந்தப் படுபாவிக்காக ஒண்ணை லூசா விட்டுடேன்!"

"போடி! செத்தா அவன் தியாகி ஆயிடுவான். நான் கறுப்பு உடுத்திக்கிட்டு அழணுமா?"

எந்த விமானம் உனக்கு வருமோ தெரியாது. அதனால் எல்லாவற்றையும் இறுக்கி அடிக்கிறேன். பெர்லினுக்குப் போ, பத்திரமாகத் திரும்பி வா. விவாகரத்து கோர்ட்டில், ஊரே பார்க்க, நீ கூண்டில் ஏறி நிற்க வேண்டும்.

உன்னைச் சாக விடாத
மனைவி