ஜீப்பு நேரத்துப் பள்ளிக்கூடம்

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்கு முட்டிவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, இதை நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். தேவாரம் ஊர்ப் பையன் ஒருவன் அயர்லாந்துக்கு வருகிறான், அவனிடம் வெங்காய வடகமும் மல்லிப்பொடியும் கொஞ்சம் ஏலக்காயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஏலக்காய் இந்த வருஷம் காய் சிறுத்துவிட்டது, மழை நேரத்துக்குப் பெய்யவில்லை, ஆனால் வாசத்துக்குக் குறைவில்லை. மல்லிப்பொடியைக் கண்ணாடி பாட்டிலில் மாற்றி வைத்துக்கொள், போன தடவை மாதிரி பையிலேயே விட்டுக் கட்டிதட்ட வைத்துவிடாதே.

போன வாரம் போனில், ஏம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷம் இல்லை ஆத்தா. அப்பா பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார், இந்தப் பேச்சை எடுத்தாலே, விடு, ஊர்ச் சோலி நமக்கு எதுக்கு என்று அதட்டுகிறார், அவருக்கும் மனசு கேட்காமல்தான் அதட்டுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். நம் பள்ளிக்கூடத்தை இப்போது ஜீப்பு நேரத்துக்குத் திறப்பதில்லை. சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

உனக்கு அது எப்படி ஆரம்பித்தது என்று முழுதாகத் தெரியாது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூடம் என்பது ஏலக்காய் வியாபாரி ஒருவருடைய பழைய கிட்டங்கிதான், மூட்டை அடுக்கிய இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும், மழை பெய்தால் சுவரெல்லாம் ஏலக்காய் மணக்கும். பிறகு ஒன்றியத்திலிருந்து ஓட்டுக் கட்டடம் கட்டினார்கள், நீ படித்தது அதில். கான்கிரீட் கட்டடம் நீ நர்சிங்குக்குப் போன பிறகு வந்தது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சூர்யகலா டீச்சர் தலைமையாசிரியராக வந்தார்கள். ஒருநாள் ஏதோ ஆய்வு என்று போடியிலிருந்து முதல் பஸ்சிலேயே வந்திறங்கினால், இருட்டில் கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் பதறிப்போய் எழுப்பிக் கேட்டதற்கு ஒரு பிள்ளை, எங்கம்மா ஜீப்புக்குப் போயிருச்சு டீச்சர், வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு என்றதாம். நம் தெருவில் பாதிப் பெண்கள் மலைக்கு மேலே கேரளா எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள், விடியுமுன் ஜீப்பு வந்து ஆரன் அடித்தால் ஏறியாக வேண்டும், இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள் என்பதெல்லாம் டீச்சருக்கு அதற்கு முன் தெரியாது. அன்று மதியம் நான் சமைக்கிற சத்துணவு அறைக்கு வந்து என் கையில் சாவியைக் கொடுத்தார்கள். சுருளி, உன் வீடு எதுத்தாப்ல இருக்கு, ஜீப்பு வர்ற நேரத்துக்குத் தொறந்து லைட்டப் போடு, மத்தத நான் பாத்துக்கிறேன் என்றார்கள். எந்த ஆபீசிலும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து எத்தனை தலைமையாசிரியர்கள் மாறினார்கள், சாவி மட்டும் என்னிடமே இருந்தது. நீயும் என்னோடு வந்து உட்கார்ந்து சின்னதுகளுக்குத் தலை சீவி விடுவாய், ஞாபகம் இருக்கும். ராசிங்காபுரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும்கூட, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிருவாகளா என்று கேட்டு வந்தார்கள். மலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இடையில் நிற்காமல் படித்தார்கள் என்றால் அதனால்தான். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இன்னும் நன்றாக இருந்தது, பிள்ளைகள் வெறும் வயிற்றோடு இருக்கவில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் காலை, இன்னும் விடியவில்லை, லேசான பனி. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், மலைக்குப் போகிற கருத்தம்மாள் மகள் பானுப்பிரியா சின்னதுகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்புதான், ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் நாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்கலாம். பின்பக்கம் மக்காச்சோளத் தட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. மாடு என்று நினைத்து ஜன்னலில் பார்த்தேன். யானை ஆத்தா. ஒத்தை யானை, முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி நிற்கிறது. லைட்டை அணைத்தேன், பிள்ளைகளை எதிர்ச் சுவரோரம் உட்கார வைத்தேன். ஒன்று அழ வாயெடுத்தது, பானுப்பிரியா அதை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொல்லவில்லை, தானாகவே செய்தாள். யானை தண்ணீர்த் தொட்டியில் குடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. குடித்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு மூலையைச் சரித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை.

அதோடு முடிந்திருக்கும். லோடு ஜீப்பில் வந்த சின்ராசு ரோட்டிலிருந்து அதைப் போனில் படம் எடுத்திருக்கிறான், ஜீப்பு லைட் வெளிச்சத்தில் யானையும் தெரிகிறது, அது போன பிறகு நான் பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதும் தெரிகிறது. அவன் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை, இந்நேரம் போகாதீங்க என்று ரோட்டில் வருகிறவர்களுக்குச் சொல்லத்தான் அனுப்பினான். அது எங்கெங்கோ போய் டிவியில் வந்துவிட்டது. யானை வந்ததை யாரும் கேட்கவில்லை, விடியாத நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்றுதான் கேட்டார்கள். சின்ராசு இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

இப்போதிருக்கிற ஹெச்.எம். விஜயபாண்டி சார் நல்ல பிள்ளை, உன்னைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவராக இருப்பார். வந்து நின்றவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. அக்கா, சாவியக் குடுத்துருங்க, நான் கேக்கல, மேல இருந்து கேக்குறாக, இனிமே வாத்தியார் இல்லாத நேரத்துல கேட்டத் தொறந்தா எனக்கு வேலை இருக்காது என்றார். கொடுத்துவிட்டேன். மறுநாள் பிள்ளைகளை நம் வீட்டில் உட்கார வைத்தேன். அதற்கும் வந்தார். அக்கா, நீங்க சத்துணவுல இருக்கீங்க, இங்கன ஒண்ணு ஆச்சுன்னாலும் பள்ளிக்கூடத்து மேலதான் வரும், அத விடுங்க, மறுபடி யானை வந்தா நீங்க பொறுப்பு சொல்வீங்களா என்று கேட்டார். அதையும் நிறுத்திவிட்டேன் ஆத்தா. நம் வீட்டுக் கதவு ஒரு உதைக்குத் தாங்காது என்று உனக்கே தெரியும். அப்பாவால் எழுந்து ஓடவும் முடியாது.

பெண்கள் எல்லாரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் தேனி கல்வி ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனோம். ஆபீசர் அம்மா உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, முழுதும் கேட்டார்கள். நீங்க சொல்றது நியாயந்தாம்மா, ஆனா யானை வர்ற எடத்துல இருட்டுல பள்ளிக்கூடத்தத் தொறந்து வைங்கன்னு நான் எப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்டார்கள். கூட வந்த மருதாயி, அப்ப ஜீப்ப லேட்டா வரச் சொல்லுங்க என்றாள். அது கேரளாவில் எஸ்டேட்காரர்கள் வைக்கிற நேரம், அந்த அம்மாவால் முடியுமா. அவர்கள் எங்களிடம் கத்திச் சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஒவ்வொரு வீடாக மாறிப்போனது. மருதாயி மலை வேலையை விட்டுவிட்டுப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறாள், அதில் கூலி பாதிதான். சிலர் பிள்ளைகளைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். கருத்தம்மாளுக்குப் புருஷன் இல்லை, விட்டுவிட்டுப் போக ஆளும் இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்குக் கட்டின லயத்து வீட்டிலேயே தங்கப் போய்விட்டாள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் வெகுதூரம் போக வேண்டும், அந்த ஜீப்பும் தினமும் ஓடாதாம். கிளம்புகிற அன்று பானுப்பிரியா ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, பெரியம்மா, பரிச்சைக்கு வந்துருவேன் என்றாள். வெரசா வா தாயி என்றேன், வேறு என்ன சொல்வது.

மனசு கேட்காமல் சூர்யகலா டீச்சருக்குப் போன் போட்டேன், ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் யாரையாவது பார்த்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, சுருளி, இன்னைக்கி நான் அங்க ஹெச்.எம்.மா இருந்தாலும் சாவிய வாங்கத்தான் செஞ்சிருப்பேன், யானைய டிவியில பாத்ததுக்கப்புறம் எனக்குத் துணிச்சல் வராது என்றார்கள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மாள் சாமான் வாங்க இறங்கியவள் மகளையும் கூட்டி வந்தாள். பிள்ளை கறுத்துப் போயிருக்கிறாள். பெரியம்மா, கொஞ்சம் வெள்ளம் கொண்டா என்றாள், எனக்கு முதலில் புரியவில்லை, தண்ணீர் கேட்கிறாள், அங்குள்ளவர்களின் மலையாளம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்க என்ன செய்யிற என்று கேட்டேன். தாய்மார்கள் காய் எடுக்கப் போனதும் லயத்துக் கைக்குழந்தைகளை இவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம், எஸ்டேட்காரர்கள் அதற்குச் சாப்பாடு கொடுக்கிறார்களாம். பெருமையாகத்தான் சொன்னாள். போகும்போது மட்டும் பக்கத்தில் வந்து, சார் எம் பேர அடிச்சிட்டாரா பெரியம்மா என்று மெதுவாகக் கேட்டாள். இல்ல தாயி, இன்னும் கூப்பிடுறாரு என்றேன். அது உண்மைதான், தினமும் அவள் பேரைக் கூப்பிட்டுவிட்டு ஆப்சென்ட் போடுகிறார். இப்படியே எவ்வளவு நாள் வைத்திருக்க முடியும் என்று சாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ யாருக்கும் எழுத வேண்டாம், பேஸ்புக்கில் போட வேண்டாம், அந்த சாரைத்தான் பிடிப்பார்கள். போனிலும் கேட்காதே, அப்பா இருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வந்தால் போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் தூங்கு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நம் குலதெய்வம் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வடகம் வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்.

ஒன்றும் செய்ய முடியாமல் உனக்கு எழுதுகிற
உன் அம்மா
சுருளியம்மாள்