மதீனா மாமியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. மூன்றாவது தடவைதான் கிளம்பியது. பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம். என்னிடம் இருப்பது இந்த ஒரே கார்.

ஸ்டியரிங்கில் மதீனா பீவி மாமி. ஐம்பத்தெட்டு வயது, தாராவியில் தோல்பை பட்டறை. 22ஆம் தேதி ஆர்டிஓவில் டெஸ்ட். கடல் பாலம் தாண்டி கோபர்கைரனேயில் இருக்கும் மகளைப் பார்க்க, மகன்களைக் கெஞ்சாமல் தானே போக வேண்டுமாம்.

ஜூலை 9, புதன்

என் வீட்டுக்காரர் முகைதீன் பேட்டரிதான் என்றார். இவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

மெக்கானிக் ஷேக் பரீத்திடம் இரண்டு பேரும் போனோம். கேள்வி கேட்டது நான். பதில் முழுக்க இவருக்கு.

"பாய், லேடீஸ் சாவியப் புடிச்சு முறுக்கிட்டே இருப்பாங்க. பேட்டரி எப்படித் தாங்கும்?"

இவர் தலையாட்டினார். தலையாட்டுறாரு! பதினோரு வருஷமா ஓட்டுதேன், சாவி திருப்ப எனக்குத் தெரியாதா? வீடு வரும்வரை ஒவ்வொரு கியரையும் அடித்தே போட்டேன். இவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

புது பேட்டரி போட்டாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

டிக்.

ஜூலை 14, திங்கள்

செம்பூரில் மழைக்கு நடுவே வண்டி அணைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த மாணவி வந்தனா இறங்கித் தள்ளினாள். பேங்க் வேலைக்குப் போகிற உடையில், ஒரு கையில் குடை. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவரும் இறங்கவில்லை.

இன்று முதல் சட்டம்: எஞ்சினை அணைத்தவர்தான் தள்ள வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

அதிசயம். யாருக்கும் எஞ்சின் அணையவில்லை. கிளட்சை எவ்வளவு மெதுவாக விடுகிறார்கள்! பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராதது, ஒரு நாள் பயத்தில் வந்துவிட்டது. மதீனா மாமி கிளட்சை விடும்போது மூச்சே விடுவதில்லை.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் காரைச் சுவர் பக்கமாக நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். டிக். சுவரில் விழுந்த வெளிச்சம் துளிகூடக் குறையவில்லை. பேட்டரி செத்திருந்தால் வெளிச்சமும் மங்கியிருக்கும். அப்படியானால் கரண்ட் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அதை வாங்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தச் சாவியைத் திருப்புகிறேன், அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவி திருப்ப வந்தனாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். உள்ளே ஏதாவது சிக்கியிருக்குமோ என்று பானட்டைத் திறந்து, சப்பாத்திக் கட்டையால் மோட்டாரின் மேல் மெல்லத் தட்டினேன். கிளம்பியது! அணைத்துவிட்டு மறுபடி. டிக். தட்டினேன். கிளம்பியது.

இவர் ஜன்னலில் நின்று கேட்டது: "ராத்திரி சப்பாத்திக்கு வேற கட்டை இருக்கா?"

ஜூலை 17, வியாழன்

ஷேக் பரீத்திடம் தனியாகப் போனேன். லைட் மங்கவில்லை, தட்டினால் ஓடுகிறது என்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவை.

"அப்ப கார்பன் பிரஷ் போயிருக்கும்" என்றார், என்னிடமே.

கழற்றிக் காட்டினார். மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் சின்னக் கரித்துண்டுகள். நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. தட்டும்போது கொஞ்சம் நகர்ந்து தொடும், அதனால்தான் ஓடியிருக்கிறது. புதுசு போட்டு, உள்ளே செம்பு வளையத்தில் படிந்த கரியையும் துடைத்தார். சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது.



ஜூலை 19, சனி

மதீனா மாமி இன்று ஏழு தடவை எஞ்சினை அணைத்தார். கேட்டால், "அதான் டக்குனு ஸ்டார்ட் ஆவுதே புள்ள" என்று சிரிப்பு. வந்தனா ஐந்து தடவை. ரிப்பேர் செய்தது தப்போ?

ஜூலை 21, திங்கள்

வேறு வழி தெரியவில்லை. மாமியிடம் ஸ்டார்ட்டர் மறுபடியும் போய்விட்டது, நாளைக்கு டெஸ்டில் அணைந்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அல்லா மன்னிக்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

பாஸ்! ஒரு தடவைகூட அணையவில்லை.

திரும்பும்போது உண்மையைச் சொன்னேன். மாமி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்ளா. உனக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் கிளட்ச்ச மெதுவாத்தான் விட்டேன் பாத்துக்கோ."

ஆகஸ்ட் 1, வெள்ளி

லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது. பட்டறை வேனை எடுக்கப் போனாராம் மாமி. பெரிய மகன் அப்துல் ஹாதி, "ஸ்டார்ட்டர் அவுட்டும்மா, எடுக்க முடியாது" என்றிருக்கிறான்.

மாமி, நான் சொல்லியிருந்த மாதிரி ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். எரியவில்லை. ஹாரனும் இல்லை. அப்படியானால் கரண்டே இல்லை, ஸ்டார்ட்டர்வரை போவானேன்? நேரே பேட்டரியைப் பார்த்தால், ஒயர் தனியாகத் தொங்குகிறது. நட்டு, ஹாதியின் சட்டைப் பையில். மழை ஈரம் படாமல் இருக்கக் கழற்றி வைத்தேன் என்றானாம்.

மாமி கையை நீட்டியிருக்கிறார். நட்டைக் கொடுத்துவிட்டான். ஸ்பானரையும் அவனே எடுத்துக் கொடுத்தானாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாமியின் வேனில் கோபர்கைரனே போனோம். முன் சீட்டில் ஹாதி, ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் பின்னால். என் காரில் என் காலடியில் ஒரு பிரேக் உண்டு. இதில் எதுவும் கிடையாது.

மான்குர்த் சிக்னல் வரை ஞாபகம் இருக்கிறது. வாசிப் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. தூங்கிவிட்டேன்.